பத்து மூச்சு

மூச்சு விடுவதற்கு ஒரு பாடம் என்று அந்த நர்ஸ் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளைக்கு மூச்சு விடத் தெரியாதாமோ? எட்டு வருஷமாக விட்டுக்கொண்டுதானே இருக்கிறாள்!

ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். மாரித் என்ற அந்தப் பள்ளிக்கூடத்து நர்ஸ் அதற்கு முன்னமே என் மகள் யதுர்ஷாவைத் தராசில் ஏற்றிக் காட்டிவிட்டாள். இருபத்தொரு கிலோ. மார்கழியில், நத்தார் பண்டிகைக்கு முன் இருபத்தைந்து. நான் கட்டிக் கொடுக்கிற சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே திரும்பி வருகிறது. வியாழக்கிழமை மறுபடி நிறுப்பேன், இன்னும் இறங்கியிருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மூக்கால் குழாய் விட்டுத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டிவரும் என்றாள். அன்று திங்கட்கிழமை.

வீட்டில் ஏதாவது பெரிய மாற்றமா என்று கேட்டாள்.

மாற்றம்! அது 2009 சித்திரை மாதம். அதற்கு முதல் வருஷம் ஆவணியில் என் மனிசன் அருட்செல்வம், தனித்துப்போன தாயைக் கூட்டிவருகிறேன் என்று வன்னிக்குப் போனவர். மூன்று கிழமை லீவு. போன கையோடு பாதை பூட்டுப்பட்டது. தைப்பொங்கலுக்கு மறுநாள் ஒரு போன், அரை நிமிஷம். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. இதையெல்லாம் இந்த நோர்வேக்காரரின் நொஸ்க் மொழியில் எப்படிச் சொல்வது? "தகப்பன் ஊருக்குப் போனவர், அங்கே சண்டை" என்று மட்டும் சொன்னேன். மாரித்தின் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷிதான், குறை சொல்லக்கூடாது.

மாற்றத்தைத் தாங்க முடியாமல் தவிக்கிற பிள்ளைகளுக்கு என்று ஒரு தாளும் இரண்டு சின்ன மெழுகுவர்த்தியும் தந்தாள். ஒவ்வொரு நாளும் தாயும் பிள்ளையுமாக வெளிச்சத்தைக் குறைத்து, மெழுகுவர்த்தி கொளுத்தி, கண்ணை மூடி, பேசாமல் பத்து மூச்சு. நேற்றையும் நாளையையும் விட்டுவிட்டு, இப்போது இருக்கிற இடத்திலேயே மனதை வைத்திருக்கப் பழக வேண்டுமாம். எனக்கென்றால் இருக்கிற இடத்தில்தான் இருக்க முடியவில்லை.

நான் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்புகிற கிழவர்களையெல்லாம் கெஞ்சிக் கொஞ்சிச் சாப்பிட வைக்கிறவள் நான்தான். சிறிதேவியின் கைபட்டால் கரண்டி உள்ளே போகும் என்று அங்கே பேர். பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்ட முடியவில்லை. செவ்வாய்க்கிழமை இடியப்பம் அவித்தேன், தொடவில்லை. பிட்ஸா வாங்கினேன், அதையும் தொடவில்லை.

"பசிக்கேல்லை அம்மா."

"பசிக்கேல்லையோ? என்னைக் கொல்லப் பிறந்தனியோடி!" என்று கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவள் அசையாமல் நின்று என் கையையே பார்த்தாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

புதன்கிழமை வேறு வழியில்லாமல் அந்தத் தாளை எடுத்தேன். பின்னேரம் ஐந்து மணி. நாங்கள் இருக்கிற ரொம்சோஸ் மாடிவீடுகளில் இன்னும் நல்ல வெயில். திரையை இழுத்துவிட்டு, தேநீர் மேசையில் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, பிள்ளையைப் பக்கத்தில் இருத்தினேன். இருந்தால்தானே! நெளிகிறாள், டெலிபோனைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள்.

"சரி, எழும்பு. நிண்டுகொண்டு செய்வம். கையை முன்னாலை வை, தலையைக் குனி, கண்ணை மூடு. கதைக்கப்படாது."

இரண்டுபேரும் மேசைக்கு முன்னால் நின்றோம். ஒரு மூச்சு. இரண்டு. மூன்றாவதில் பொங்கலுக்குப் பிறகு முதல்தடவையாக என் நெஞ்சு கொஞ்சம் இளகியது. உண்மையாகத்தான் சொல்கிறேன். மாரித்தை மனதுக்குள் திட்டியதற்காக வெட்கப்பட்டேன்.

"அம்மா," மெல்லிய குரல். "ஆருக்கு?"

"என்ன ஆருக்கு? கண்ணை மூடு."

"ஆர் செத்தது?"

எனக்கு விளங்கவில்லை. கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்த பிறகுதான் விளங்கியது. இங்கே எங்கள் ஆட்களின் எந்த நிகழ்ச்சியும், விளையாட்டுப் போட்டியாகட்டும், சங்கீத அரங்கேற்றமாகட்டும், சுடர் ஏற்றி எல்லோரும் எழுந்து நின்று தலைகுனிந்து செய்கிற அகவணக்கத்தோடுதான் தொடங்கும். இறந்தவர்களுக்காக. கைக்குழந்தையாக என் தோளில் கிடந்த நாளிலிருந்து இவள் அதைப் பார்க்கிறாள். ஒரு சுடருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்பதற்கு வேறு காரணம் இருக்கும் என்று இந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு முறையும் கூட நின்ற எனக்கல்லவா புத்தியில் பட்டிருக்க வேண்டும்!

"அப்பாவுக்கோ?"

"ஐயோ இல்லையடி! இது மூச்சுப் பயிற்சி, மாரித் சொல்லித் தந்தது..."

"பொய்! உங்களுக்குத் தெரியும். எனக்குச் சொல்லாமல் வைச்சிருக்கிறியள்!"

மெழுகுவர்த்தியைத் தட்டி விழுத்திவிட்டு ஓடிப்போய் டெலிபோனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கத்தினாள். சத்தி எடுத்தாள், வெறும் தண்ணீர்தான் வந்தது. பிடிக்கப் போனால் உதறினாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. கடைசியில் களைத்துப்போய் நிலத்தில் இருந்தாள்.

"அங்கை சாப்பாடு இல்லை, கஞ்சிக்கும் வழியில்லை எண்டு அனஸ்ரேசியா அன்ரிக்கு நீங்கள் போனிலை சொன்னனீங்கள். நான் கேட்டனான். அப்பா சாப்பிடாமல் நான் எப்பிடிச் சாப்பிடுறது?"

கீழ்வீட்டு அனஸ்ரேசியா அக்காவோடு நான் கதைத்தது மாசி மாதம். அன்றிலிருந்தா? பிள்ளைக்குப் பக்கத்தில் நானும் இருந்துவிட்டேன்.

பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றும் அந்தத் தாளில் எழுதியிருந்தது. என்ன உண்மை? உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று எனக்கே தெரியாது என்றா? விடிந்தால் வியாழக்கிழமை.

"இண்டைக்கு அப்பா போன் எடுத்தவர்," என்றேன்.

அழுகை நின்றுவிட்டது.

"மெய்யே?"

"மெய்தான். சுகமாய் இருக்கிறாராம். சோறும் பருப்பும் சாப்பிட்டவராம்."

"என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

பொய்ச்சத்தியம் பண்ணினால் அந்தத் தலைக்குத்தான் கேடு என்று நம்பி வளர்ந்தவள் நான். முருகா, கேடு வருவதென்றால் எனக்கு வரட்டும் என்று நினைத்துக்கொண்டு அந்தச் சின்னத் தலையில் கையை வைத்தேன்.

"சத்தியம்."

சோறும் பருப்பும் கொண்டுவந்தேன். குழைத்துக் குழைத்துத் தானாகவே சாப்பிட்டாள். ஒரு கோப்பை முடிந்தது, இன்னும் கேட்டாள், போட்டேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தின்னடி என்ரை குஞ்சு, தின் என்று தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

பாதியில் நிறுத்தினாள்.

"என்னோடை கதைக்க வேணும் எண்டு அப்பா கேக்கேல்லையோ?"

"கேட்டவர். நீ பள்ளிக்கூடத்திலை எண்டு சொன்னனான்."

"அப்ப நான் நிக்கிற நேரம் எடுப்பார்தானே? எத்தினை மணிக்கு எண்டு சொன்னவர்?"

குழைத்த சோறு விரலில் இருக்கிறது. கை மேலே போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நாளைக்கு," என்றேன். "பின்னேரம் ஆறு மணிக்கு."

அவள் அந்தச் சோற்றை வாயில் வைத்தாள்.