குழந்தை இயேசுவின் கார் சீட்

எங்கள் சந்தில் ஒருவரிடமும் கார் கிடையாது. ஆனாலும் ரோடல் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளை உட்கார வைக்கும் கார் சீட் ஒன்று இருந்தது. அதில் குழந்தை இயேசு உட்கார்ந்திருந்தார்.

என் கடை அந்த வீட்டுக்கு நேர் எதிரே. சோப்பு, மீன் டின், காடி என்கிற வினிகர், ஒற்றை ஒற்றையாக சிகரெட் விற்கிற கடை. கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே அவர்கள் வீட்டில் எந்தத் தொடர் ஓடுகிறது, யார் அழுகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். அலிங் சேப்பா வேவு பார்க்கிறாள் என்று என்னைப் பற்றிச் சிலர் பேசுவதுண்டு. ஜன்னலைத் திறந்து வைப்பது அவர்கள். கண்ணை மூடிக்கொள்ள வேண்டியது மட்டும் நானா?

ரோடல் பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிளில் சவாரி ஓட்டுகிறவன். நல்ல பையன்தான், ஒரே ஒரு குறை. வாயில் 'முடியாது' என்ற சொல் வராது. மூட்டையோடு அரை சந்து ஏறினாலும் சரிங்க என்று தலையாட்டிவிட்டு, தான் கால்வாசி ஆசனத்தில் தொங்கிக்கொண்டு ஓட்டுவான். அவன் மனைவி மரிவிக் துபாயில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிறாள். அவள் போகும்போது மகள் யூமி தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது நான்கு வயது ஆகப்போகிறது. வளர்ப்பதெல்லாம் ரோடலின் அக்கா நெனிங். கல்யாணம் செய்துகொள்ளாதவள். சந்து முழுக்க அவளை 'ஆத்தே' என்றுதான் கூப்பிடும், அதாவது அக்கா, அவளைவிட மூத்தவர்கள்கூட. அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் வாயில் வரும்.

துபாயிலிருந்து கப்பலில் பெரிய அட்டைப்பெட்டி வருவது வழக்கம். கிறிஸ்துமஸுக்கு வந்த பெட்டியைப் பிரிக்கும்போது நானும் இருந்தேன். கத்தரிக்கோல் என்னுடையது. துண்டு, சாக்லேட், ஷாம்பு எல்லாவற்றுக்கும் அடியில் இந்தச் சீட். கருநீல மெத்தை, இரண்டு பக்கமும் காது மாதிரி தலைத் தாங்கல், தோளுக்கும் இடுப்புக்கும் பட்டைகள், நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான்.

"காரே இல்லாதவங்களுக்கு இது எதுக்கு ஆத்தே?" என்று கேட்டேன்.

"அனுப்பினவளுக்குத் தெரியாததா? ஏதாச்சும் யோசிச்சிருப்பா" என்றாள் நெனிங். அப்புறம் மூலையைப் பார்த்தாள். அங்கே குழந்தை இயேசு சிலையின் மர நாற்காலியைக் கரையான் ஒரு கால் தின்று முடித்து இரண்டாவது காலுக்குப் போயிருந்தது.

அவ்வளவுதான். அன்று மாலையே சிவப்பு வெல்வெட் அங்கியும் கிரீடமுமாக ஆண்டவர் துபாய் சீட்டில் ஏறிவிட்டார். விழுந்துவிடக் கூடாதே என்று பட்டையும் மாட்டினாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பக்கத்துச் சந்திலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தினமும் ஜெபம் முடிந்ததும் யூமி முக்காலி போட்டு ஏறி, பட்டையை இழுத்துப் பார்த்து, "கெட்டியா பிடிச்சுக்கோங்க ஆண்டவரே" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவாள். வீடியோவில் மரிவிக் பேசும்போது மட்டும் நெனிங் போனை வேறு மூலைக்குத் திருப்பிக்கொள்வாள்.

பிறகு ஒரு நாள் மரிவிக் விடுப்பில் வருவதாகச் செய்தி வந்தது. அன்றைக்கு அவள் பேசியபோது நான் காடி கொடுக்கப் போயிருந்தேன். அவர்கள் காடி கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

"வேன் பேசிட்டியா?" என்றாள் மரிவிக் போனிலிருந்து.

"பேசியாச்சு."

"சீட்டை அதுல வெச்சுப் பார்த்தியா? எங்க, காட்டு."

ரோடல் அக்காவைப் பார்த்தான். அக்கா கூரையைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் போனைத் திருப்பினான். பட்டை மாட்டிய ஆண்டவர் இரண்டு விரலை உயர்த்தி மரிவிக்கை ஆசீர்வதித்தார்.

மரிவிக் திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். சிரிப்பு எங்கேயோ வழி தவறி மூக்கை உறிஞ்சுவதில் போய் நின்றது.

"ரோடல், இந்த வீட்டுப் பிள்ளைக்கு ஸ்கூலுக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை நான்தான் பெல்ட் போடறேன். இறுக்கமா இருக்கான்னு பார்க்கறேன். என் பிள்ளைக்கு ஒரு தடவைகூடப் போட்டதில்ல. அதான் அதே சீட்டை வாங்கினேன். வரும்போது அவளை அதுல உட்கார வெச்சுக் கூட்டிட்டு வா. வீட்டுக்குத் திரும்பிப் போகும்போது நான் போட்டுவிடறேன். வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

"சரிங்க" என்றான் ரோடல். பெண்டாட்டியிடமும் அதே சரிங்கதான். ஆனால் அன்றைக்கு அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. எனக்குக் குரல் தெரியும்.

மணிலா விமான நிலையத்துக்கு ஆளை அழைத்து வரப் போவது என்றால் எங்கள் ஊரில் குடும்பம் மட்டும் போவதில்லை. வரப்போகிறவளை யாரெல்லாம் தூக்கி வளர்த்தார்களோ, யாரெல்லாம் தூக்கி வளர்த்ததாகச் சொல்லிக்கொள்கிறார்களோ, எல்லாரும் போவார்கள். ஒரு வேனில் இருபது பேர் ஏறுவதும், பிள்ளைகள் மடிமேல் மடியாக அடுக்கப்படுவதும் சாதாரணம். வராதே என்று ஒருவரிடம் சொன்னால் அவர்கள் பேரப்பிள்ளை காலம் வரை பேச்சு இருக்காது.

வாடகை வேன் முந்தின நாளே வந்து நின்றது. ரோடல் அதற்குள் நுழைந்து இருக்கைகளின் சரிகை உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான்.

"என்னப்பா பண்ற? புது உறை" என்றார் வேன்காரர்.

"பெல்ட்டெல்லாம் அடியில மாட்டிக்கிட்டிருக்கு குயா. தோண்டி எடுக்கறேன்." வேன்காரரை எல்லாரும் குயா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

தோண்டினான். வேர்க்கடலைத் தோல், ஒரு ஜெபமாலை, யாருடைய பல் செட்டோ தெரியவில்லை, அதன் பாதி, எல்லாம் வந்தது. கடைசியில் ஓட்டுநரையும் சேர்த்துப் பத்து பெல்ட் கிடைத்தது. பின்வரிசை ஜன்னலோரம் சீட்டை வைத்து, பெல்ட்டை அதன் முதுகுப் பக்கமாக நுழைத்து, மெத்தைமேல் முழங்காலை ஊன்றி முழு பலத்தோடு இழுத்தான். ஆட்டிப் பார்த்தான். அசைந்தது. மறுபடி அவிழ்த்தான். நான் கடையை மூடிவிட்டு வந்து பக்கத்திலேயே நின்றேன். யாராவது நிற்க வேண்டுமே.

நெனிங் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டு அவரை அரிசிப் பீப்பாய் மேல் தலையணை போட்டு இறக்கி வைத்தாள். "கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கோங்க. உங்களுக்குப் பெல்ட் தேவையில்ல, அவளுக்குத்தான் தேவை."

விடிந்ததும் சந்து முழுக்க குளித்துப் பவுடர் போட்டு வேன் முன்னால் நின்றது. சுமான் பலகார மூட்டை, தண்ணீர்க் கேன், மூன்று விசிறி. ரோடல் கதவை மறித்து நின்றான். காது சிவந்திருந்தது.

"பெல்ட் இருக்கற அளவுக்குத்தான் ஆள் ஏத்த முடியும். மன்னிச்சுக்கோங்க."

எல்லாரும் சிரித்தார்கள், நல்ல ஜோக் என்று. அவன் நகரவில்லை.

ரோடலின் தியோ, அதாவது சித்தப்பா, தியோ கோர்யோ முன்னாள் வார்டு கவுன்சிலர். முன்னாள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. "டேய், அந்தப் பிளாஸ்டிக் சீட்டைத் தூக்கி மேல கட்டு. பிள்ளைய நெனிங் மடியில வெச்சுக்கட்டும். ரெண்டு பேர் உட்காரலாம்" என்றார்.

"முடியாது தியோ."

 அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்ததை நான் என் காதால் கேட்டேன்.

"முடியாதா?"

"வண்டி சடன் பிரேக் போட்டா ஆத்தே கை நிக்காது. யார் கையும் நிக்காது. போன மாசம் என் வண்டியில காடிப் பாட்டிலை மடியில வெச்சுப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்களே அலிங் சேப்பா, நாய் குறுக்க வந்தப்ப என்ன ஆச்சு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாட்டில் போன தூரம் சந்துக்கே தெரியும். என்னை உதாரணமாக இழுத்ததற்கு வருத்தப்பட எனக்கு நேரம் இல்லை. பேச்சு நடக்கும்போதே பின்கதவு வழியாக ஏறி ஒரு இடத்தில் உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிவிட்டிருந்தேன். பெல்ட் போட்டவளை இறக்குவது ரோடலின் கொள்கைக்கே விரோதம் அல்லவா?

பாதிப் பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், சுமான் மூட்டையையும் எடுத்துக்கொண்டு. தியோ கோர்யோ முன் இருக்கையில் ஏறி பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். ரோடல் இறங்கி வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அதை எடுத்து அவர் தொப்பைக்குக் கீழே இடுப்போடு மாட்டிவிட்டுப் போனான். பெரியவர் மணிலா வரை பேசவில்லை. நல்ல பயணம்.

யூமிக்கு நெனிங் பூ ஊர்வலத்துக்குப் போடுகிற வெள்ளை கவுன் போட்டிருந்தாள். உள்ளே அடுக்கடுக்காக விறைத்த வலைத்துணி. சீட்டில் உட்கார வைத்தபோது முகம் மட்டும் மேகத்துக்கு மேலே தெரிந்தது. நெனிங் பட்டைகளைத் தளர்த்தி அந்த மேகத்தின் மேலேயே மாட்டினாள்.

விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறந்து மூடித் திறந்து, கடைசியில் மரிவிக் தள்ளுவண்டியோடு வந்தாள். இளைத்திருந்தாள், தலைமுடி வெட்டியிருந்தாள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவள் நேராக யூமியின் முன்னால் மண்டியிட்டாள். போனில் தினமும் 'அம்மா' என்று முத்தம் கொடுத்த பிள்ளை, நேரில் கண்டதும் நெனிங்கின் பாவாடைக்குப் பின்னால் போய்விட்டது. தூக்க வந்தபோது அழுதது. மரிவிக் கையை மடக்கிக்கொண்டாள். "பரவால்ல, பரவால்ல" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

வேனுக்கு வந்ததும் ரோடல் கதவைத் திறந்து, உள்ளே பார்த்து, அப்படியே நின்றுவிட்டான்.

பத்து பெல்ட், பத்து ஆள். அழைத்து வரப் போகிறவர்களை முந்தின நாள் முழுக்க எண்ணியவன், அழைத்து வரப்படுகிறவளை எண்ணவில்லை.

"இப்ப என்ன பண்ணுவே?" என்றார் தியோ கோர்யோ, காலையில் பெல்ட் மாட்டியதிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்து.

எல்லாரும் ஒரே நேரத்தில் வழி சொன்னார்கள். வழி ஒன்றுதான். சீட்டைப் பின்னால் பெட்டிகளோடு போடு, பிள்ளை நெனிங் மடியில் வரட்டும், அந்த இடத்தில் மரிவிக் உட்காரட்டும். பிள்ளையும் அழாது. பிள்ளையோ ஏற்கனவே நெனிங் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியது.

"ஒரு நாளைக்குத்தானே" என்றார் வேன்காரர்.

மரிவிக் அந்தச் சீட்டைப் பார்த்தாள். துபாயில் வாங்கியது, பெட்டியில் வந்தது, ஆண்டவர் உட்கார்ந்தது. அழுகிற பிள்ளையைப் பிடுங்கி அதில் திணிக்க அவளுக்கு மனசு வரவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டினாள். "வேண்டாம் குயா. நான் அடுத்த பஸ்ல வர்றேன். அவ சீட்லயே வரட்டும்."

மூன்று வருஷம் கழித்து வந்தவள் பஸ்ஸிலா? ரோடல் வாயைத் திறந்தான், "நான் பஸ்ல" என்றான். பெண்டாட்டியை அழைக்க வந்தவன் பஸ்ஸிலா? தியோ கோர்யோ அவசரமாக ஏறிப் பெல்ட் மாட்டிக்கொண்டார், இந்த முறை சரியாக. நானும் அதற்குள் என் இடத்தில் ஏறி மாட்டிவிட்டிருந்தேன். எல்லாருடைய கண்ணும் மெல்ல மெல்ல ஊர்ந்து என்மேல் வந்து நின்றது. அந்த வேனில் இரத்த உறவு இல்லாதவள் நான் ஒருத்திதான்.

நினைத்துப் பாருங்கள். வழி முழுக்க அவள் துபாய்க் கதை சொல்லப் போகிறாள். எஜமானி யார், முடியை ஏன் வெட்டினாள், எல்லாம். சந்தில் முதலில் கேட்கப் போகிறவள் நான். அதற்காகத்தானே அந்தப் பெல்ட்டை விடியற்காலையிலேயே மாட்டினேன்.

பொத்தானை அழுத்தினேன். பட்டை சர்ரென்று உள்ளே போனது.

"எனக்கு மணிலாவுல ஒரு வேலை இருக்கு" என்றேன். யாரும் நம்பவில்லை. நன்றாக நம்பியதுபோல் தலையாட்டினார்கள்.

இடம் கிடைத்தது. பிள்ளை கிடைக்கவில்லை. நெனிங் அவளைச் சீட்டில் உட்கார வைத்ததும் மரிவிக் பட்டையை எடுத்தாள், யூமி கையைத் தட்டிவிட்டாள். நெனிங்கின் கை தானாக நீண்டது. பாதியில் நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எதிர்வீட்டுக்காரியான எனக்குத் தெரியும்.

"யூமி," என்றாள் நெனிங், "ஆண்டவருக்கு தினமும் யார் மாட்டிவிடுவா?"

"நான்."

"இவங்களுக்குத் தெரியலையாம். நீ சொல்லிக் குடு."

யூமி மூக்கைத் துடைத்துக்கொண்டு மரிவிக்கை ஏற இறங்கப் பார்த்தாள். புதிதாக வேலைக்கு வந்தவளைப் பார்க்கிற பார்வை. "முதல்ல கை" என்று கையை நீட்டினாள். மரிவிக் பட்டைக்குள் கையை நுழைத்தாள். "இன்னொரு கை." நுழைத்தாள். "முறுக்கிக்கக் கூடாது." முறுக்கை நீவிவிட்டாள். "டக்குனு சத்தம் வரணும்." டக் என்றது.

மரிவிக் தோள்பட்டையில் பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தாள். ஒரு பிடி அளவுக்கு மேலே வந்தது. கவுனைத் தொட்டாள், மேகம் அமுங்கியது.

"இதுக்குள்ள உன்னைக் காணோமே. ஆண்டவருக்கும் இவ்ளோ பெரிய பாவாடையா?"

"இல்ல. அவருக்கு அங்கிதான்."

"அப்போ இதைக் கழட்டிடலாமா?"

யூமி யோசித்தாள். அந்த வலைத்துணி காலையிலிருந்து அவளைக் குத்திக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். சரி என்றாள். அவிழ்த்து, கழற்றி, உள்ளே போட்டிருந்த சட்டையோடு மறுபடி மாட்டி, மரிவிக் பட்டையின் வாலைப் பிடித்து இழுத்தாள். இப்போது கிள்ளினால் விரல் வழுக்கியது. அவள் கை அங்கேயே, பிள்ளையின் தோளில், சற்று அதிக நேரம் இருந்தது. யூமி தட்டிவிடவில்லை.

"இன்னும் முடியலை" என்றாள் யூமி. "கெட்டியா பிடிச்சுக்கோங்கன்னு சொல்லணும்."

மரிவிக்கால் அதைச் சொல்ல முடிந்ததா என்று எனக்குத் தெரியாது. வேன்காரர் கதவைச் சாத்திவிட்டார். கண்ணாடி வழியாக உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. நெனிங் பக்கத்து இருக்கையில் வெள்ளை வலைத்துணியை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்திருந்தாள். ரோடல் மட்டும் என்னைப் பார்த்துக் கையசைத்தான்.

எனக்குப் பஸ்ஸில் கடைசி வரிசை கிடைத்தது. உட்கார்ந்ததும் கை தானாக இடுப்புப் பக்கம் போய்த் தடவித் தேடியது. ஒன்றும் இல்லை. முன் இருக்கைக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முடியை ஏன் வெட்டினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாளைக்குக் காடி கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.