மாறிப்போன மடிப்பு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எமதர்மன் குறடு போட்டு என் நாக்கைப் பிடுங்கட்டும்.

ஜப்பானில், எடோ நகரத்துச் சாயக்காரர் தெருவில் இருந்த ஜின்பெய், படம் அச்சடிக்கும் மரப்பலகை செதுக்குகிறவர். தலைமயிர் செதுக்குவதில் அவரை அடிக்க ஆளில்லை. அவர் செதுக்கிய தேநீர்க்கடைப் பெண்ணின் கூந்தலில் பேன் பிடித்துவிட்டதென்று பதிப்பாளர் ஒரு கட்டுப் படங்களைத் திருப்பி அனுப்பியதுண்டு.

அவர் மனைவி ஒகினு அம்மை கண்டு போய்ச் சேர்ந்தாள். அவள் முள்ளங்கி நறுக்கியபோது ஓவியர் ஒருவர் மெல்லிய தாளில் வரைந்த கோட்டுச் சித்திரம் மட்டுமே மிச்சம். அதையும் பூச்சி அரிக்கத் தொடங்கியது.

"பலகையில ஏத்திடு அண்ணே. நூறு அண்ணி கிடைப்பாங்க" என்றான் எதிர்வீட்டில் அச்சடிக்கும் தோராகிச்சி.

"தாளைப் பலகையில ஒட்டி அதுமேலயே செதுக்கணும்டா. இருக்கிற ஒருத்தியும் சீவலாப் போயிடுவா."

"பூச்சி வயித்துக்குப் போறதுக்கு உன் கையால போகட்டும்."

ஜின்பெய் செர்ரிப் பலகையில் பசை தடவினார். சித்திரத்தைக் குப்புறப் போட்டு ஒட்ட வேண்டும்; அப்போதுதான் அச்சில் நேராக வரும். அவள் முகத்தைப் பசைக்குள் அமுக்க அவருக்குக் கை வரவில்லை.

"மூச்சு முட்டும்" என்று முணுமுணுத்து, நிமிர்த்தியே ஒட்டினார்.

இலையுதிர்காலம் முழுக்கச் செதுக்கினார். காற்றடித்த நாட்களில் பலகையைச் சீப்பால் வாரிவிட வேண்டியிருந்தது.

தோராகிச்சி மை பூசி, தாள் போட்டுத் தேய்த்து, உரித்தெடுத்தான். பிறகு கழுத்தைச் சொறிந்தான்.

"என்னடா, மயிர் உடைஞ்சிருக்கா?"

"மயிரு நல்லாத்தான் இருக்கு. உடுப்பப் பாரு அண்ணே."

இடமும் வலமும் மாறியிருந்தன. இடது மடிப்பு மேலே வர வேண்டிய கிமோனோவில் வலது மடிப்பு மேலே கிடந்தது. பிணத்துக்குத்தான் அப்படி உடுத்துவார்கள். சித்திரமோ சீவலோடு சீவலாக அடுப்புக்குப் போயிருந்தது.

"நிமிர்த்தி ஒட்டினியா? நேத்து உளி பிடிச்சவன்கூட இதைப் பண்ணமாட்டானே."

ஜின்பெய் படத்திலிருந்த மடிப்பை விரலால் தடவினார்.

"கடைசியா நான்தான் அவளுக்கு உடுத்திவிட்டேன். இப்படித்தான் மடிச்சேன்."

"இன்னொண்ணு போடவா அண்ணே?"

"வேணாம்டா. ஒருதடவ உடுத்தினது போதும்."

இழைப்புளியை எடுத்துப் பலகையை வழவழவென்று இழைத்தார். கூந்தல் சுருள்சுருளாகத் தரையில் விழுந்தது. கூட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நிஜத்தைச் சொன்னால், ஜின்பெய்க்குக் கடைசிவரை கல்யாணமே ஆகவில்லை; எமதர்மன் குறடோடு வருவதற்குள் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.