எதிர்க்கட்சி பிரித்த பெட்டி

அப்பாவைக் கிடத்த இடம் வேண்டுமென்று மாமா மேசையை இழுத்தபோதுதான் அப்பாவின் வண்டுப் பெட்டி விழுந்தது. குத்தி வைத்திருந்த புலி வண்டுகள் ஊசியோடு பெயர்ந்து கூடமெங்கும் சிதறின. பொறுக்குவதற்கு மண்டியிட்ட மகள், ஆட்கள் வரத் தொடங்கிய பிறகும் எழவில்லை.

"வந்தவங்க என்ன நினைப்பாங்க? பூச்சிய அப்புறம் பாத்துக்கலாம்மா," என்றார் மாமா.

"தள்ளிவிட்டதும் நீங்க, புத்தி சொல்றதும் நீங்களா மாமா?"

அப்பாவின் தலைமாட்டிலிருந்து அம்மா, "அவள விடுண்ணா," என்றாள்.

பொறுக்கியாயிற்று. எதை எங்கே குத்துவது? பெட்டியின் இடப்பக்கம் ஓர் இனம், வலப்பக்கம் இன்னொன்று. பார்க்கிற நமக்கோ எல்லாம் ஒன்றுதான்: நகத்தளவு உடம்பு, முதுகில் வெள்ளை வளைவு. நிறத்தை நம்பலாமென்றால் ஒரே இனத்திலேயே பச்சையும் உண்டு, பழுப்பும் உண்டு. ஊசிச் சீட்டுகளைப் பார்த்தால், அத்தனையும் ஒரே ஆற்று மணலில் பிடித்தவை. வித்தியாசம் அப்பாவின் கண்ணில் இருந்தது. அந்தக் கண்ணை விடியற்காலையில் அவள்தான் மூடிவிட்டிருந்தாள்.

முந்தாநாள் அப்பா, "ஒருவழியா ரெண்டு இனமா பிரிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை வரட்டும் எதிர்க்கட்சி, காட்டுறேன்," என்று சிரித்திருந்தார்.

அருங்காட்சியகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பருக்கு இந்த வீட்டில் அதுதான் பெயர். ஞாயிறு தவறாமல் வருவார். "எல்லாம் ஒரே இனம்தான்டா" என்பார். அப்பா கத்துவார். காபி ஆறிப்போகும்.

அவர் வருவதற்குள் பெட்டி பழையபடி ஆகிவிட வேண்டும். ஒன்றை இடப்பக்கம் வைப்பாள், மனசு கேட்காது, மாற்றுவாள். எழுந்துபோய் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுப்பாள், திரும்பி வந்து அதையே மறுபடி எடுப்பாள். ஓடுகிற வேகத்தில் புலி வண்டுக்குக் கண் தெரியாமல் போகுமாம். நின்று பார்த்துவிட்டு மறுபடி ஓடுமாம். அப்பா சொன்னதுதான்.

எதிர்க்கட்சி வந்தார். அப்பாவின் அருகில் வெகுநேரம் நின்றார். பிறகுதான் அவளைப் பார்த்தார்.

"கலைஞ்சு போச்சு அங்கிள். உங்களுக்குக் காட்டணும்னு வெச்சிருந்தார்."

கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்தார். அப்பாவின் லென்ஸைச் சட்டையில் துடைத்து, ஒரு வண்டின் வாயருகே பிடித்தார். இடப்பக்கம் குத்தினார். அடுத்தது வலம். அதற்கடுத்ததும் வலம். கை தயங்கவே இல்லை.

மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "எல்லாம் ஒண்ணுதான்னு சொல்வீங்களே?"

"வண்டோட மேலுதட்டுல இருக்கிற பல்லு எண்ணிக்கை இனத்துக்கு இனம் மாறுதும்மா."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"ரொம்ப நாளா."

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லிட்டா ஞாயித்துக்கிழமை நான் எங்க போறது?"

லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். அம்மா அவரையே பார்த்தாள். "இவர் இதக் கேட்டிருந்தா கத்தியே வீட்ட ரெண்டாக்கியிருப்பார்," என்று அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பல்லு இந்தப் பக்கத்துது. முதுகு வளைவு அந்தப் பக்கத்துது. இத எங்க வெச்சிருந்தான்?"

"தெரியல அங்கிள்."

வாசலிலிருந்து மாமா, "வண்டி வந்தாச்சு," என்றார்.

எதிர்க்கட்சி அதை இடப்பக்கம் குத்திவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்தார். அப்பாவைத் தூக்கினார்கள். அவரும் பின்னாலேயே போனார். வாசற்படியில் நின்றார். திரும்பி வந்து, குனிந்து, அந்த ஒன்றைப் பிடுங்கி வலப்பக்கம் குத்திவிட்டுப் போனார்.

மகள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்னும் மூடவில்லை.