டம்ளரில் அளந்த தூக்கம்

நாற்று நடவு அன்று வரப்பில் நின்று ஆட்களுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்த குருநாதன் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று. மடையடியில் நின்று அவர் ஒரு சத்தம் கொடுத்தால் கடைசி வயலில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இப்போது வாயைத் திறந்தால் ஒரு முனகல்தான் வந்தது.

அவர் பெண்டாட்டி தங்கத்தாய் மனம் தளரவில்லை. வயலைக் குத்தகைக்கு விடச் சொன்னவர்களை வாசலோடு அனுப்பினாள். காலையில் நடவு, களையெடுப்பு; மாலையில் அவரைத் தோளில் தாங்கி முற்றத்தில் நடத்துவாள். கம்பூன்றி அவர் தானாக நின்ற அன்று தெருவுக்கே பாயசம் கொடுத்தாள். யார் வந்து விசாரித்தாலும் அவளே பதில் சொல்வாள்.

"நல்லாருக்காக. நல்லாச் சாப்பிடுதாக. படுத்தா அசைய மாட்டாக, அப்படி ஒரு தூக்கம்."

அது எண்பத்து மூன்றாம் வருஷம். டாக்டர் முத்துமீனாள் வீடு தேடி வந்தாள். சங்கரன்கோவில் சன்னதித் தெருப் பெண். அப்பாவுக்குக் கோயில் அலுவலகத்தில் வேலை. பாளையங்கோட்டையில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். வாதம் வந்து தேறுகிறவர்கள் எப்படித் தூங்குகிறார்கள், தூக்கத்துக்கும் தேறுவதற்கும் சம்பந்தம் உண்டா என்பது அவள் ஆராய்ச்சி. ஊருக்கு வரும்போதெல்லாம் நோயாளிகளைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு போவாள்.

தங்கத்தாய் தன் வழக்கமான பதிலைச் சொன்னாள். முத்துமீனாள் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, ஒரு காகிதத்தைக் குருநாதன் முன்னால் நீட்டினாள். அதில் நீளமாக ஒரே ஒரு கோடு.

"அண்ணாச்சி, இந்த முனைன்னா பொட்டுத் தூக்கம் இல்ல. அந்த முனைன்னா நல்ல தூக்கம். உங்களுக்கு எங்கனன்னு ஒரு புள்ளி வையுங்க."

பென்சில் இடது கையில் நிற்காமல் நழுவி விழுந்தது. குருநாதன் கோட்டையே வெறித்துப் பார்த்தார். பிறகு காகிதத்தைத் தள்ளிவிட்டார்.

"பரவாயில்ல அக்கா," என்று முத்துமீனாள் காகிதத்தை மடித்தாள். "பேச முடியாதவங்களைச் சேர்க்க வேண்டாம்னுதான் எங்க பெரிய டாக்டரும் சொன்னாரு."

தங்கத்தாய்க்குச் சுருக்கென்றது. "பேச்சுதானே டாக்டரம்மா போச்சு? ஆளு இங்கனதானே இருக்காக?"

எழப்போன முத்துமீனாள் மறுபடி உட்கார்ந்தாள். அவளுக்குக் கொடுத்த தண்ணீர்ச் செம்பும் டம்ளரும் பக்கத்தில் இருந்தன. குருநாதன் இடது கையை நீட்டிச் செம்பைத் தூக்கினார். டம்ளரில் கொஞ்சமாக ஊற்றி, அடிப்பாகம் நனைந்ததும் நிறுத்தினார். டம்ளரை டாக்டர் பக்கம் நகர்த்தினார்.

"தாகமா இருக்கும்," என்றாள் தங்கத்தாய். அவர் தலையை வேகமாக ஆட்டி மறுத்தார்.

முத்துமீனாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அண்ணாச்சி, டம்ளர் நிறைஞ்சா நல்ல தூக்கம்னு வச்சுக்கிடுவோமா? இவ்வளவுதான் தூங்குதீங்களா?"

ஆமாம் என்று தலையசைத்தார்.

அவள் டம்ளரைக் காலி செய்தாள். "இப்ப பசியைக் கேக்கேன். சாப்பாடு எப்படி இறங்குது?" குருநாதன் பாதிக்கு மேல் ஊற்றினார். ஊர்க்கதை கொஞ்சம் பேசிவிட்டு மறுபடி தூக்கத்தைக் கேட்டாள். அதே அடிமட்டத்தில் நிறுத்தினார். கை போன போக்கில் ஊற்றவில்லை, அளந்துதான் சொல்கிறார் என்று முத்துமீனாள் முகம் மலர்ந்துவிட்டது.

தங்கத்தாய் டம்ளரை எடுத்து உள்ளே பார்த்தாள். "அப்ப நான் நல்லாத் தூங்குதாகன்னு ஊரெல்லாம் சொன்னது?"

முத்துமீனாள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். வலியா? தோளைத் தொட்டு, ஆமாம். பயமா? இல்லை. ராத்திரி ஒண்ணுக்கு வருதா? குருநாதன் கண்ணைத் தாழ்த்தினார். பிறகு தங்கத்தாயைப் பார்த்துக் கையைக் காட்டி, கன்னத்தில் உள்ளங்கையை வைத்துச் சாய்த்தார். அவள் தூங்குகிறாள் என்று அர்த்தம். வயல் வேலை செய்து அலுத்து வந்தவளை எழுப்ப மனமில்லாமல், அடக்கிக்கொண்டு அசையாமல் விழித்துக் கிடந்திருக்கிறார் மனுஷன்.

"என்னை எழுப்புனா நான் என்ன தேஞ்சா போயிருவேன்?" என்று கத்தினாள் தங்கத்தாய். கண்ணீர் கொட்டியது. வைதுகொண்டே தொழுவத்துக்குப் போய்க் காளையின் கழுத்து மணியைக் கழற்றிவந்து, இடது கைக்கு எட்டுகிற மாதிரிக் கட்டிலில் கட்டினாள்.

விழுந்த கைக்கு அடியில் தலையணை வைக்கவும், பகலில் படுக்கவிடாமல் வயல் பக்கம் கூட்டிப்போகவும் முத்துமீனாள் சொல்லிக்கொடுத்தாள். அடுத்தமுறை வந்தபோது தண்ணீர் டம்ளரின் பாதியைத் தொட்டது. நெல் கதிர் வாங்கும்போது முக்காலுக்கு ஏறியது. கம்பை ஊன்றி அவர் தானாக வரப்பில் நடந்தார்.

அறுப்பு முடிந்ததும் பாளையங்கோட்டையில் டாக்டர்கள் கூட்டம். முத்துமீனாள் குருநாதனையும் தங்கத்தாயையும் வரச்சொல்லியிருந்தாள். பேச்சிழந்த மற்ற நோயாளிகளையும் அவள் இதே டம்ளரால் கேட்டிருந்தாள். அவர்களில் ஒருவரையும் விடாமல் ஆராய்ச்சியில் சேர்த்திருந்தாள். "இந்த முறையைக் காட்டிக் கொடுத்தவர் சங்கரன்கோவில் குருநாதன் அண்ணாச்சி," என்று மேடையில் அவள் சொன்னபோது, சலவை வேட்டியில் உட்கார்ந்திருந்தவர் கம்பை ஊன்றி எழுந்து நின்றார். யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை. பெரிய டாக்டரே முதலில் கைதட்டினார்.

திரும்பிவரும் பஸ்ஸில் தங்கத்தாய்க்கு வாய் ஓயவில்லை. பக்கத்து சீட்டில் ராயகிரிக்காரி ஒருத்தி. அவளிடம் தொடங்கிய கதையைப் பின்சீட்டுக்காரர்களும் எட்டிக் கேட்டார்கள். குருநாதன் கூச்சத்தோடு அவள் முழங்கையை இடித்தார்.

"சும்மா இருங்க. எத்தனை டாக்டர் கைதட்டுனாகன்னு சொல்ல வேண்டாமா?" என்றாள். பனவடலிசத்திரம் தாண்டுவதற்குள் கண்டக்டருக்கும் அது தெரிந்துவிட்டது.