தப்புக் குறி

"அந்தப் பக்கத்துல இருக்கிற விளம்பரத்தை எல்லாம் தூக்குங்க சார். மொத்தமா."

வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தார்கள்: எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே. பஸ் நேரம் காட்டும் இணையதளம் அது. விளம்பரம்தான் அங்கே எல்லோருக்கும் சோறு.

மேனேஜர் டீக் கோப்பையை வைத்தார். "காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா மிளகாய்? உண்ட வீட்டுக்கே ரெண்டகமா?"

"எங்கம்மா நேத்தும் பஸ்ஸை விட்டுட்டாங்க. இன்னொரு தடவை லேட்டானா, கூட்டித் துடைக்கிற இடத்துல துடைப்பத்தை வாங்கி வச்சிடுவாங்களாம். ஸ்டாப்புல நின்னு நம்ம பக்கத்தைத்தான் தட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. பாதி திறந்ததும் ஒரு சோபா வந்து மறைச்சிருக்கு."

"ஓரத்துல இருக்கிற பெருக்கல் குறியைத் தொட்டு மூட வேண்டியதுதானே?"

"கேட்டேன். 'ஓரத்துல தப்புன்னு போட்டிருக்கே, அதைப் போய்த் தொடுவாங்களாடி'ங்கிறாங்க."

பக்கத்து மேஜையில் இருந்த டிசைன்காரன் சிரித்தான். அவள் முறைத்ததில் சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டாம் வகுப்போடு நின்ற அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் மிச்சம் வைத்த குறி அது ஒன்றுதான்.

அவள், அந்த வீட்டின் முதல் பட்டதாரி, அம்மாவின் பழைய போனைத் தன் கணினியில் இணைத்துப் பக்கத்தைத் தட்டினாள். போன் யாரிடமெல்லாம் பேசுகிறது என்று திரையில் வரிவரியாக ஓடியது. பெயர் தெரியாத ஊர்களிலிருந்து விளம்பரக்காரர்கள் யார் யாரோ ஏலம் கேட்டார்கள். பஸ் நேரத்தை அல்ல, அம்மாவின் கண்ணை. இமை மூடித் திறப்பதற்குள் நூறு பேர்.

அம்மா படிக்கட்டு துடைக்கையில் ஏறி இறங்குகிறவர்களில் ஒருவர்கூடக் குனிந்து பார்த்ததில்லை. அந்த அம்மாவின் ஒரு பார்வைக்கு உலகமே கூடி நின்று விலை பேசுகிறது. அம்மாவோ இதெதுவும் தெரியாமல் பஸ்ஸைப் பார்த்தபடி நிற்கிறாள்.

பிறகு, விளம்பரம் நீக்கித் தான் எழுதி வைத்திருந்த பக்கத்தைத் தொட்டாள். விரலை எடுப்பதற்குள் நேரங்கள் வந்து நின்றன. வெறும் எழுத்து. மழை விட்ட ஆகாயம் மாதிரி.

மேனேஜர் போனை வாங்கித் தொட்டார். மறுபடி தொட்டார். "இந்த ஓட்டை போன்லயா?"

"ஓட்டை இல்ல சார். நாம ஏத்தின மூட்டை அப்படி."

டிசைன்காரனும் எழுந்து வந்து தொட்டான்.

"கண்ணு பட்டுடும்மா, அவ்வளவு அழகு," என்றார் மேனேஜர் மெதுவாக. "ஆனா நமக்குக் கட்டுப்படியாகாது. அந்தக் குறியை வேணா கொஞ்சம் பெருசாக்குவோம். யோசிச்சுச் சொல்லு."

"அம்மா சரியாத்தான் படிச்சிருக்காங்க சார். அது தப்புதான்."

காலையில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டாமல் பையில் போட்டபோதே முடிவெடுத்துவிட்டாள். பஸ் நேரம் ஊர்ச்சொத்து. அதைப் போட வெறும் பக்கம் ஒன்று போதும், அதை அவளே எழுதுவாள். அட்டையை டீக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"யோசிச்சுச் சொல்லுன்னுதானே சொன்னேன்?"

"யோசிச்சிட்டுத்தான் சார் வந்தேன்."

அம்மாவின் போனைக் கையில் இறுக்கிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.