நாற்பது மரத்துக்குப் பூ

கல்குவாரியில் பதினெட்டு வருஷம் பாறை பிளந்தவனுக்குக் கடப்பாரை என்றே பெயர் நிலைத்துவிட்டது. குவாரியை மூடியதும் அக்கா வீட்டுக்கு வந்தான். வந்து மூன்று மாதம். அக்காவும் சரி, அவள் புருஷனும் சரி, ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் அவனை உறுத்தியது. எதையாவது உடைத்தால்தான் சாப்பிட்ட சோறு செரிக்கும் என்று ஆகிவிட்ட உடம்பு அது.

அவர்கள் குத்தகைக்கு எடுத்திருந்த தோட்டத்தில் நாற்பது ஆப்பிள் மரம், எல்லாம் ஒரே ரகம். சிவப்புப் பழம். கடித்தால் அடுத்த அறைக்குக் கேட்கும். நாலு மாதம் வைத்தாலும் தொய்யாது. வியாபாரி கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான். அடுப்பில் ஏற்றினால் மட்டும் தேறாது, எவ்வளவு நேரம் கொதித்தாலும் செருப்புத் தோல்தான் என்பாள் அக்கா. நட்ட நடுவில் ஒரே ஒரு மரம் வேறு ரகம். பச்சைக் காய், கோணல் மாணல், தோலெல்லாம் சொறி. வாயில் வைத்தால் கண் தானாக மூடிக்கொள்ளும் புளிப்பு. பறித்துப் பத்து நாளில் கிழவி கன்னமாகச் சுருங்கிவிடும். அது போதாதென்று அகலமாகப் படர்ந்து, பக்கத்துச் சிவப்பு மரங்களின் வெயிலையும் தின்றது.

குளிர்காலத்தில் ஒருநாள் அக்காவும் மாமாவும் பழப்பெட்டி வாங்கப் போயிருந்த நேரத்தில் கடப்பாரை அதை வெட்டிச் சாய்த்தான். வேரோடு பெயர்த்து, துண்டு போட்டு, விறகாக அடுக்கி, குழியை மூடி, மேலே பெருக்கியும் வைத்தான். அவன் வேலையில் அரைகுறை கிடையாது. கை கால் கழுவிக்கொண்டு பாராட்டுக்குக் காத்திருந்தான்.

அக்கா வந்து பார்த்தாள். அந்தக் காய் அடுப்பில் ஏற்றிய ஐந்தே நிமிடத்தில் பஞ்சு மாதிரிக் கரையும். சர்க்கரை போட்டுக் கிண்டினால் வருஷம் முழுக்க ரொட்டிக்குத் தடவ ஆகும். இதையெல்லாம் சொல்லிச் சொல்லித் திட்டினாள். அது அவனுக்கு உறைக்கவில்லை. மாமா திட்டாமல் விறகுக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றதுதான் உறைத்தது.

"மாப்ள, சிவப்புப் பூவுக்குச் சிவப்பு மகரந்தம் ஒத்துக்காது. வேற ரகத்துலேருந்து தேனீ மகரந்தம் கொண்டுவந்தாத்தான் காய் பிடிக்கும். நாப்பதுக்கும் இது ஒண்ணுதான் இருந்துச்சு."

"இதை யாரும் எங்கிட்ட சொல்லலையே மாமா."

"உனக்குத் தெரியாதுன்னு எங்களுக்குத் தோணலை."

போன வருஷம் ஆலங்கட்டி மழையில் பாதி விளைச்சல் போயிருந்தது. இந்த வருஷமும் காய் இல்லையென்றால் தோட்டத்துச் சொந்தக்காரர் குத்தகையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அன்று மாலையே கடப்பாரை பையைக் கட்டினான். அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வெட்டிட்டு ஓடுறதுக்கா வந்தே? பூத்து முடியற வரைக்கும் இருந்து பாரு. அப்புறம் எங்க வேணாப் போ."

சாப்பிடும்போது மாமா தட்டைப் பார்த்துச் சொன்னார். இளம் வயதில் அவர் வேலை பார்த்த தோட்டத்தில் ஒருமுறை, வேறு ரகத்தின் பூங்கிளைகளை வெட்டித் தண்ணீர் வாளியில் செருகி, மரத்துக்கு மரம் தொங்கவிட்டார்களாம். தேனீக்கு வாளியென்றும் மரமென்றும் பேதம் கிடையாது. ஆனால் அதே வாரத்தில் பூக்கிற வேறு ரகம் வேண்டும். சுற்றிலும் இருந்த தோட்டங்களிலோ எல்லாரும் அந்த வியாபாரியை நம்பி இதே சிவப்பைத்தான் வைத்திருந்தார்கள்.

கடப்பாரை தேடிக் கிளம்பினான். இலையில்லாத மரங்களைப் பட்டையைத் தடவியே ஆப்பிளா, பேரியா என்று சொல்லும் அளவுக்குத் தெருத்தெருவாக அலைந்தான். ஐந்தாவது வாரம் பஸ் டிப்போவில், பஸ் கழுவும் கொட்டகைக்குப் பின்னால் ஒன்று அகப்பட்டது. எந்த டிரைவரோ தின்று எறிந்த விதையில் முளைத்தது. விதையில் முளைத்தால் தாய் மரம் மாதிரி இருக்காது, தனி ரகம்தான் என்று மாமா சொல்லியிருந்தார். அங்கே பஸ் கழுவுகிற அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அதன் காயைப் பறவைகூடத் தொடாது, பூவை வைத்து என்ன செய்யப் போகிறான் என்று கேட்டாள். முழுக் கதையும் கேட்டபின் ஒரு வாரம் தன்னோடு பஸ் கழுவச் சொன்னாள். கழுவினான்.

"பக்கக் கிளையா எடு. உன் புத்தியைக் காட்டி என் நிழலை மொட்டை அடிச்சிடாத" என்றாள்.

நல்லவேளையாக டிப்போ மரமும் சிவப்பு மரங்களும் ஒன்றாகப் பூத்தன. அந்த வாரம் முழுக்கத் தினமும் காலை பஸ்ஸில், இரண்டு கையிலும் வாளி நிறையப் பூவோடு வந்தான் அந்த ஆறடி ஆள். யாருக்கு இவ்வளவு பூ என்று கண்டக்டர் கேட்டார். "நாப்பது மரத்துக்கு" என்றான். வாளி போதாமல் பெயிண்ட் டப்பா, ஓட்டைக் கெட்டில், அக்காவின் பால் பாத்திரம் எல்லாம் மரமேறின. முதல் மூன்று நாள் குளிரில் ஒரு தேனீகூட எட்டிப் பார்க்கவில்லை. நாலாம் நாள் மதியம் வெயில் வந்தது. தோட்டமே ஏதோ இயந்திரம் ஓடுகிற மாதிரி இரைந்தது.

இதழ் உதிர்ந்த பிறகுதான் நரகம். சூல் பிடிக்காத காம்புகள் மஞ்சளாகிக் கொட்டின. தினமும் காலையில் அவற்றைப் பார்த்துவிட்டு வந்து சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான். இரண்டு வாரம் கழித்து மாமா அவனைக் கூட்டிப்போய் ஒரு கிளையை வளைத்துக் காட்டினார். கொத்துக்கு ஒன்றிரண்டு பிஞ்சு, சுண்டுவிரல் நுனி அளவில், ரோமத்தோடு நின்றன. அடுத்த மரத்திலும் நின்றன.

"ரோட்டோர வரிசை மொட்டை. அங்க வாளி போதலை. அடுத்த வருஷத்துக்குக் கூடுதலா வாளி பாத்து வை" என்றார்.

"அடுத்த வருஷமா?"

"பின்ன? டிப்போ மரத்துலேருந்து நான் கட்டியிருக்கிற ஒட்டுச்செடி பூக்க மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் பஸ்ல பூ தூக்கிட்டு நானா அலையறது?"

கடப்பாரை வளைத்த கிளையைத் தன் கையில் வாங்கினான். கிளையை விட்டால் எங்கே காய் உதிர்ந்துவிடுமோ என்று பிடித்துக்கொண்டே நின்றான். சமையலறை ஜன்னலிலிருந்து அக்கா, அந்த டிப்போ மரத்துக் காய் வெந்தால் கரையுமா என்று கேட்டாள். பறவையே தொடாததை யார் வேகவைத்துப் பார்த்திருப்பார்கள் என்றான் அவன்.

"அப்போ காய்ச்சதும் நாலு பறிச்சிட்டு வா. நான் பாக்கறேன்."