இரண்டு விரற்கடை புறம்போக்கு

கோகிலவாணியின் காரில் நான்கு சக்கரங்களும் மட்கார்டைத் தாண்டி இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்த இரண்டு விரற்கடையும் புறம்போக்கு. உள்ளே இருக்கும் மீதிச் சக்கரம் மட்டும்தான் அவளுக்குப் பாத்தியதை. புகைக்குழாயும் அப்படித்தான். சாலை விதி அனுமதிக்கும் அளவு வரை வரும் சத்தம் அவளுடையது. அதற்கு மேல் வருவது ஊருக்குப் பொது.

இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஆசை யாரை விட்டது? பழைய காரை வாங்கி, பட்டையான டயர்களும் பானை வாய் அகலத்துக்கு ஒரு குழாயும் மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலையில் டீக்கடைக்கு வந்தவர்கள் பின்சக்கரத்தின் நீட்டலில் டம்ளர்களை வரிசையாக வைத்து ஆறவிட்டுக் குடித்தார்கள். எதிர்வீட்டுக் காதுகுத்துக்குப் போஸ்டர் ஒட்டினார்கள். தாய்மாமன்களின் முகம் இரண்டு விரற்கடைக்குள் அடங்காததால் மீசைகளை மட்டும் அச்சடித்திருந்தார்கள். ஊரில் எல்லாருக்கும் அடையாளம் தெரிந்தது.

பொதுச்சொத்தைப் பூட்டிவைக்கக் கூடாது. அதனால் காலையிலும் மாலையிலும் அவள் வாசலில் இன்ஜினை ஓடவிட்டு நிற்க வேண்டியிருந்தது. தெருக்காரர்கள் வந்து வேண்டிய சத்தத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். மில்லுக்குப் போகும் அம்மாக்கள் கொஞ்சம் எடுத்துப்போய், எழுந்திருக்காத மகன்களின் தலைமாட்டில் வைத்தார்கள். மேளம் சொல்லாத வீட்டு விசேஷங்களுக்கும் அதுதான் போனது. யாரும் தேவைக்கு மேல் அள்ளவில்லை. அந்த விஷயத்தில் தெருவைக் குறை சொல்ல முடியாது.

கார் வாசலை விட்டு நகராததற்குக் காரணம் கோகிலவாணியே செய்த ஒரு காரியம். புதுச் சக்கரங்களுக்குப் பூஜை போட்ட வெள்ளிக்கிழமை, மஞ்சளைப் பிசைந்து பிள்ளையார் பிடித்து, தலையில் அறுகம்புல் செருகி, எங்கே வைப்பது என்று பார்த்தாள். முன்சக்கரத்தின் நீட்டல் மாடம் போல வாகாக இருந்தது. வைத்துவிட்டாள். பூஜை முடிந்ததும் எடுத்துக் கரைத்திருக்க வேண்டும். அவள் மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். அன்றைக்கென்று அடுத்தடுத்து முகூர்த்தங்கள். மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் பிள்ளையார் மறந்துபோனார். புறம்போக்கில் ஒரு பிள்ளையார் ஒரு ராத்திரி தங்கிவிட்டால் அது கோயில். மறுநாள் பார்த்தால் பம்பருக்குப் பின்னால் ஜோடி ஜோடியாகச் செருப்பு கிடந்தது. சக்கரம் உருண்டால் பிள்ளையார் தலைகீழாவார். ஆகவே சக்கரம் உருளவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஆட்டோவில் போய் வந்தாள்.

இப்படியே ஓடியிருக்கும். போக்குவரத்து அலுவலகத்திலிருந்து இன்ஸ்பெக்டர் எபனேசர் ஒரு நாள் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காரைச் சுற்றிப் பார்த்தார்.

"அடுத்த மாசம் வண்டிக்கு எஃப்.சி. சோதனை வருதும்மா. அதுக்குள்ள சக்கரமும் சத்தமும் அளவுக்குள்ள வரணும்" என்றார்.

"வரலைன்னா?"

"டவுன் பஸ் ஆயிரும். நம்பர்கூட ஒதுக்கியாச்சு, உக்கடம் வரைக்கும் போகும்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "நீங்க லேடீஸ்ங்கறதால டிக்கெட் எடுக்க வேண்டாம்."

அந்த வீட்டில் கோகிலவாணிக்கென்று வேறு எதுவும் இல்லை. சமையலறை மாமியாருடையது. பீரோவில் ஒரு தட்டு நாத்தனார் பிள்ளைகளுடையது, மீதித் தட்டுகளும் மெல்ல மெல்ல அவர்களுடையதாகிக்கொண்டிருந்தன. போனை எடுத்தால் கணவன் பாதி பார்த்த கிரிக்கெட் ஓடும். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஒரு இடம் வேண்டும் என்றுதான் கதவோடு ஒன்றை வாங்கினாள். அதில் கண்டக்டர் விசில் அடிப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என்ன ஆனாலும் சரி, காரை அளவுக்குள் கொண்டுவந்தே தீருவது என்று முடிவு செய்தாள். அவள் முடிவு செய்தால் செய்ததுதான். புருஷன்கூட அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான்.

பொதுவாகிவிட்டதைத் திரும்ப எடுக்க, அதை அனுபவிக்கிறவர்கள் வாயைத் திறந்து சரி என்று சொல்ல வேண்டும். சக்கரத்தில் சிக்கல் வரவில்லை. தெருவைக் கூட்டி விஷயத்தைச் சொன்னாள். பிள்ளையாரை முறைப்படி வாளியில் கரைத்து நந்தியாவட்டைச் செடிக்கு ஊற்றட்டும், எல்லாருக்கும் சுண்டல் போடட்டும் என்றார்கள். போட்டாள். கடலையில் உப்பு குறைவு என்று சொன்னபடியே எல்லாரும் சரி என்றார்கள். டீக்கடைக்காரர்கள் டம்ளர்களை எடுத்துக்கொண்டார்கள். மீசைகளை அவளே தண்ணீர் தெளித்துச் சுரண்டினாள்.

சத்தத்துக்கும் அநேகமாக எல்லாரும் சரி சொல்லிவிட்டார்கள். டிரில் மாஸ்டர் நஞ்சப்பன் மட்டும் பாக்கி.

நஞ்சப்பன் மூன்றாவது வீடு. ஒரு காலத்தில் பள்ளி மைதானத்தில் அவர் 'அட்டென்ஷன்' என்றால் ரோட்டில் போகிற லாரி நிற்கும். தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு குரல் போய்விட்டது. தினமும் காலையும் மாலையும் காருக்குப் பின்னால் வந்து நின்று, துண்டில் கொஞ்சம் சத்தம் முடிந்துகொண்டு போவார். வீட்டுக்குள் போய் "ராஜாமணீ" என்று மனைவியைக் கூப்பிடுவார். அவ்வளவுதான் அவர் செலவு.

கோகிலவாணி போனபோது ராஜாமணி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். நஞ்சப்பன் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு எதிரில் விறைப்பாக நின்றுகொண்டார்.

"வா கண்ணு. விசயம் தெரியும். உன்ற பொருளு, நீ கேக்கறதுல தப்பில்ல" என்றார் ராஜாமணி.

"மாஸ்டர் சரின்னு சொல்லோணுமுங்க பெரியம்மா."

"சொல்லுவாரு." ராஜாமணி ஒரு காயை ஒடித்தார். "ஆஸ்பத்திரில இருந்து வந்து ஆறு மாசம் என்னையக் கைதட்டித்தான் கூப்பிட்டாரு. கைதட்டுனா நாயும் வரும், நானும் வருவேன். உன்ற காரு வந்த பொறவுதான் எனக்கு என்ற பேரே திரும்பக் கெடச்சுது."

கோகிலவாணிக்குப் பாவமாக இருந்தது. அதற்காகக் காரை விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. இரண்டையும் மறைக்காமல் சொன்னாள்.

"எனக்குக் காரும் வேணுங்க பெரியம்மா. மாஸ்டர் உங்களப் பேரு சொல்லிக் கூப்பிடறதும் நிக்கக் கூடாது. ரெண்டும் நடக்கோணும். நடத்திக் காட்டறேன்."

நஞ்சப்பன் தலையாட்டினார். தலையாட்டல் செல்லாது. சரி என்று சொல்வதற்கே அவருக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. ஆகவே அன்று மாலை காருக்குப் பின்னால் வந்து, வழக்கமான பங்கை எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே வாயில் போட்டுக்கொண்டார்.

"சரி கண்ணு" என்றார்.

அத்தோடு அன்றைய பங்குச் சத்தம் தீர்ந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்றைக்கு அவர் ராஜாமணியைக் கூப்பிடவில்லை. ராஜாமணி தானாகவே வந்து சாப்பாடு போட்டார். கோகிலவாணி இன்ஜினை அணைத்தாள். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவளாக இறங்கினாள்.

மறுநாள் மெக்கானிக் ரங்கராசுவின் பட்டறைக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனாள். நஞ்சப்பனும் ராஜாமணியும் பின்சீட்டில் வந்தார்கள். ரங்கராசு அகல டயர்களைக் கழற்றி, கம்பெனி அளவு டயர்களை மாட்டினான். பெரிய குழாயை இறக்கிவிட்டு அடக்கமான ஒரு சைலன்சரை ஏற்றினான்.

"இந்தப் பழைய குழாய என்னங்கக்கா பண்றது?" என்று கேட்டான்.

"மாஸ்டருக்கு மாட்டிருங்க."

ரங்கராசு டேப்பை எடுத்து நஞ்சப்பனின் விலாவை அளந்தான். "எந்தப் பக்கமுங்க?"

நஞ்சப்பன் இடது பக்கத்தைக் காட்டினார். வலது பக்கம் சாய்ந்துதான் அவர் தூங்குவார் என்று ராஜாமணி விளக்கினார். ரங்கராசு குழாயை ஆளுக்குத் தகுந்தபடி வெட்டிக் குறைத்து, குத்தாமல் இருக்க ரப்பர் புஷ் வைத்து, கிளாம்பை முறுக்கினான். சட்டையில் ஒரு பொத்தானை மட்டும் கழற்றிவிட வேண்டியிருந்தது. நஞ்சப்பன் மூச்சை இழுத்து விட்டார். பட்டறைத் தகரம் அதிர்ந்து பல்லிகள் விழுந்தன.

"ராஜாமணீ!"

"இங்கதானுங்க நிக்கறேன்" என்றார் ராஜாமணி. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்காக் கூப்பிடுங்க" என்றார்.

எஃப்.சி. அன்று மூவரும் ஒன்றாகவே போனார்கள். எபனேசர் மட்கார்டு விளிம்பிலிருந்து குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டார். நூல் டயரைத் தொடாமல் நேரே தரைக்குப் போனது. நான்கு சக்கரத்துக்கும் அப்படியே பார்த்தார். பிறகு இன்ஜினை முறுக்கச் சொல்லி, குழாய்ப் பக்கத்தில் கருவியைப் பிடித்தார். கோகிலவாணி ஆக்சிலரேட்டரை மிதித்தாள். முள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது.

"முழுக்க முழுக்க உங்களுதும்மா" என்றார் எபனேசர்.

கோகிலவாணி கண்ணாடிகளை ஏற்றினாள். கதவைச் சாத்தினாள். உள்ளே உட்கார்ந்து ஆசை தீர அழுதாள். ஏன் அழுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அது அவளுடைய கார்.

அவள் இறங்கி வந்தபோது எபனேசர் நஞ்சப்பனைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"இதுக்கு நம்பர் எங்க?" என்றார்.

"மாஸ்டருங்க அது" என்றாள் கோகிலவாணி.

"இருக்கட்டும். குழாய் இருந்தா வண்டிதான். நம்பர் இல்லாம ரோட்டுல விட முடியாது. சத்தமும் பார்க்கணும்." கருவியைக் கையில் எடுத்தவர் யோசித்தார். "கார்னா குழாய்ப் பக்கத்துல அளக்கணும். புருஷன்னா சம்சாரம் நிக்கிற இடத்துலதான் அளக்கணும். கொஞ்சம் இப்படி வாங்கம்மா."

ராஜாமணி செருப்பைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார். எபனேசர் கருவியை அவர் காதோரம் பிடித்தார். நஞ்சப்பன் கால்களைச் சேர்த்து விறைத்து நின்று கூப்பிட்டார். மைதானத்தில் எஃப்.சி.க்கு நின்றிருந்த லாரிகளின் கண்ணாடியெல்லாம் கலகலத்தன. வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிப் போயின.

எபனேசர் முள்ளைப் பார்த்தார். பிறகு ராஜாமணியைப் பார்த்தார். "எப்படிம்மா?"

"இன்னுங் கொஞ்சம் கூப்பிட்டாலும் தாங்குமுங்க" என்றார் ராஜாமணி.

"அளவுக்குள்ளதான்" என்று எபனேசர் ஸ்டாம்ப் அடித்தார்.

நம்பர் பலகையை நஞ்சப்பனின் சட்டைப் பையில் குத்திக் கொடுத்தார்கள். அவரை ஓட்டுவதற்கு ராஜாமணியிடம் லைசென்ஸ் இல்லை. நாற்பது வருஷமாக லைசென்ஸ் இல்லாமலா ஓட்டுனீங்க என்று எபனேசர் கேட்டார். இத்தனை நாள் அவர்தான் ஓட்டினார் என்றார் ராஜாமணி. சரி, இனிமேல் பழகுங்கள் என்று எல்.எல்.ஆர். கொடுத்தார்கள். நஞ்சப்பனின் முதுகில் சிவப்பு மையால் பெரிதாக எல் போட்டார்கள்.

திரும்பி வரும்போது ராஜாமணி பின்னாலிருந்து கணவரின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு, சாலையின் இடது ஓரமாக ஓட்டிப் போனார். கைப்பழக்கம் இல்லாததால் கொஞ்சம் இழுத்தது. கோகிலவாணி தன் காரில் அவர்களுக்குப் பின்னால் மெதுவாக வந்தாள். இன்ஜின் ஓடுகிறதா என்று இரண்டு முறை சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மில் ரோடு திருப்பத்தில் ராஜாமணி கை காட்டாமல் வளைத்துவிட்டார். எதிரே வந்த டவுன் பஸ் சட்டென்று நின்றது.

"ராஜாமணீ!" என்றார் நஞ்சப்பன்.

ராஜாமணி வலது கையை நீட்டினார். பஸ் டிரைவர் எல் போர்டைப் பார்த்துவிட்டு, பார்த்துப் போங்கள் என்று தலையசைத்தார். கோகிலவாணி பிரேக்கை மிதித்து, முன்னால் போகிற வண்டி திரும்பி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.